மனநோயை கேமில் சொல்லப் போகிறீர்களா? இந்த வரிசையில் வேலை செய்யுங்கள்

மரத்தைக் குடைந்து செய்த படகில் ஒரு பெண் தனியாகத் துடுப்புப் போட்டு வருகிறாள். சுற்றிலும் மூடுபனி. திரையில் உயிரோடு வேறு மனிதர் யாரும் இல்லை. ஆனால் ஹெட்போனில் உங்கள் இடது காதுக்குப் பின்னால் ஒருத்தி முணுமுணுக்கிறாள். வலது பக்கம் இன்னொருத்தி சிரிக்கிறாள். மூன்றாவது குரல் கழுத்தருகே வந்து, இவளால் முடியாது என்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நீங்களே தலையைத் திருப்பிப் பார்த்துவிடுவீர்கள்.

'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. 2017 ஆகஸ்ட் 8 அன்று வெளிவந்த கேம் இது. கதை எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நடக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளைச் சேர்ந்த செனுவா என்ற பிக்ட் இனப் போர்வீராங்கனை, கொல்லப்பட்ட தன் காதலனின் ஆன்மாவை மீட்க வடபுலத்தாரின் (வைக்கிங்குகளின்) நரகத்துக்குப் போகிறாள். அவளுக்குக் காதில் குரல்கள் கேட்கும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். இன்றைய மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்று சொல்லும் நிலை.

இதைச் செய்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள நிஞ்ஜா தியரி நிறுவனம். டீமில் சுமார் 20 பேர். உழைப்பு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். 2018 பாஃப்டா கேம்ஸ் விழாவில் இதற்கு 5 விருதுகள் கிடைத்தன: சிறந்த நடிப்பு, ஒலி, கலை, சிறந்த பிரிட்டிஷ் கேம், பொழுதுபோக்கைத் தாண்டிய கேம்.

கேம் துறையில் இருக்கும், அல்லது நுழையப் போகும் நம் இளைஞர்கள் பலர் மனநலத்தைப் பற்றி ஒரு கேம் செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் நல்ல எண்ணம் மட்டும் போதாது. இந்த வகை கேம் சரியாக வருமா, தவறாகப் போகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வேலை நடக்கும் வரிசைதான். நோயை அனுபவித்தவர்கள் முதலிலேயே மேசைக்கு வந்து, அவர்கள் சொன்னது ஆட்டத்தின் விதியாக மாறினால் கேம் உண்மையாக இருக்கும். எல்லாம் முடிந்தபிறகு சரிபார்க்க மட்டும் அவர்களைக் கூப்பிட்டால் நோய் வெறும் அலங்காரமாக நின்றுவிடும். அந்த வரிசையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. 'மனநோய்' என்று பொதுவாகத் தொடங்காதீர்கள்

முதல் மீட்டிங்கிலேயே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எந்த அனுபவத்தைச் சொல்லப் போகிறோம்? மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழ முடியாத காலையா? பதற்றத்தில் மூச்சு அடைக்கும் நேரமா? கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவ வைக்கும் எண்ணச் சுழற்சியா? காதில் குரல் கேட்பதா? ஒவ்வொன்றுக்கும் வேறு ஆட்டம், வேறு வேகம், வேறு ஒலி வேண்டும். 'பைத்தியம்' என்ற ஒரே மூட்டைக்குள் எல்லாவற்றையும் கட்டினால் எதுவும் உண்மையாக வராது.

கேம் உலகில் இந்த மூட்டைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 2002-இல் வந்த 'எடர்னல் டார்க்னெஸ்' கேமில் மனநிலைக்கு ஒரு மீட்டர் இருந்தது. பூதத்தின் கண்ணில் பட்டால் அது குறையும். 2010-இல் வந்த 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்' கேமில் இருட்டில் நின்றால் புத்தி தடுமாறும். இரண்டும் திகில் கேமாகத் திறமையாகச் செய்யப்பட்டவை. ஆனால் பெட்ரோல் அளவு போல ஏறி இறங்கும் மனநிலை என்று உலகில் எதுவும் இல்லை. 2013-இல் வந்த 'அவுட்லாஸ்ட்' மனநோய் விடுதியையே திகில் மாளிகை ஆக்கியது. அங்கே இருப்பவர்கள் துரத்தும் அரக்கர்கள்.

பாழடைந்த விடுதி, சங்கிலி, இரும்புக் கட்டில் என்று ஒரு லெவலை வரையப் போகும் தமிழ்க் கலைஞர் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலியைப் பயமுறுத்தும் பொருளாக மட்டும் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை. சங்கிலி வர வேண்டுமென்றால் அது யார் காலில் இருக்கிறது, அவர் பெயர் என்ன, அவர் எங்கே போக நினைத்தார் என்பதும் கேமில் வரட்டும்.

2. அனுபவித்தவரை முதல் கட்டத்திலேயே அழையுங்கள்

நிஞ்ஜா தியரியின் அப்போதைய படைப்பு இயக்குநர் தமீம் அந்தோனியாதிஸ், மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் வெல்கம் அறக்கட்டளையை அணுகினார். அந்த வழியில் டீமோடு சேர்ந்தவர் பால் ஃபிளெட்சர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர், மனநல மருத்துவர். டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் குரல் கேட்கும் அனுபவத்தை ஆராய்ந்த சார்ல்ஸ் ஃபெர்னிஹோவும் உதவினார். எல்லாரையும்விட முக்கியமானவர்கள் இன்னொரு குழுவினர்: ரெக்கவரி காலேஜ் ஈஸ்ட் என்ற, மனநோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்கான பயிற்சி மையத்தைச் சேர்ந்தவர்கள். குரல் கேட்பதும் இல்லாதது தெரிவதும் அவர்களுக்குச் சொந்த வாழ்க்கை. டீம் அவர்களிடம் பேசியது, பாதி முடிந்த வேலையைக் காட்டியது, கருத்தைக் கேட்டுத் திருத்தியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை:

இரண்டு வகை ஆலோசகர் வேண்டும். மருத்துவர் நோயின் பொது இயல்பைச் சொல்வார். அனுபவித்தவர் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் அது எப்படி இருக்கும் என்று சொல்வார். ஒருவர் இன்னொருவருக்கு மாற்றாக மாட்டார்.

ஒருவரோடு நிறுத்தாதீர்கள். குரல் கேட்கும் இருவரின் அனுபவம் ஒன்றாக இருக்காது. ஒருவருக்குத் திட்டும் குரல், இன்னொருவருக்குத் துணையிருக்கும் குரல். குரல் கேட்பவர் எல்லாரும் நோயாளிகளும் அல்ல.

சம்பளம் கொடுங்கள். எழுத்தாளருக்கும் ஒலிக் கலைஞருக்கும் காண்ட்ராக்ட் போடுவது போலவே இவர்களுக்கும் போட வேண்டும். என்னென்ன பதிவாகும், எது கேமில் வரும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாசனைக்குப் போட்டுவிட்டு எடுத்து எறியும் கறிவேப்பிலையாக அவர்களை நடத்தக் கூடாது.

பெயர் போடுங்கள். ஹெல்பிளேடின் தொடக்க டைட்டிலிலேயே மனநல ஆலோசகராக ஃபிளெட்சர் பெயர் வருகிறது. பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவரின் விருப்பத்தையும் அதே மரியாதையோடு காப்பாற்றுங்கள்.

கேள்வி கேட்பதிலும் பயிற்சி வேண்டும். "உங்களுக்கு என்ன நோய்? எப்போது வந்தது?" என்று விசாரணை நடத்தினால் எதிரில் இருப்பவர் மருத்துவமனை நாற்காலிக்கே திரும்பிவிடுவார். ஒலிக் கலைஞருக்கும் டிசைனருக்கும் உண்மையில் தேவைப்படுவது வேறு கேள்விகள்: "குரல் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? தெரிந்தவர் குரலா, தெரியாதவரா? உங்களிடம் பேசுமா, உங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளுமா? அறையில் வேறு சத்தம் இருந்தால் கூடுமா, குறையுமா? என்ன செய்தால் கொஞ்சம் அடங்கும்? சினிமாவில் இதைக் காட்டும்போது எதைப் பார்த்தால் கோபம் வரும்?" கடைசிக் கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அதற்குக் கிடைக்கும் பதில் உங்கள் டிசைன் ஆவணத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சென்னையில் வேலை செய்பவர்களுக்கு அணுகக்கூடிய நிறுவனங்கள் உண்டு. மனச்சிதைவு நோய்க்காக டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட இடங்களில் நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள். உங்கள் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். விருப்பம் உள்ளவர் தாமே முன்வரட்டும்.

3. அனுபவத்தை ஆட்ட விதியாக மாற்றுங்கள்

ஒரு பாத்திரம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால் அது வசனம். ஆடுபவரின் விரல் பட்டனில் தயங்கினால்தான் அது கேம். இந்த வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, அதனால் மூன்று உதாரணங்களைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதல் உதாரணம், செனுவாவின் சண்டை. திரையில் உயிர் அளவு காட்டும் கோடு இல்லை, மேப் இல்லை, எந்த பட்டன் எதற்கு என்று சொல்லும் அறிவிப்பு இல்லை. கேமரா அவள் முதுகுக்குப் பின்னால் நெருக்கமாக நிற்பதால் பக்கவாட்டில் வரும் எதிரி தெரிய மாட்டான். அப்போது குரல்கள் எச்சரிக்கும்: பின்னால் பார்! அடி விழுந்து அவள் சரிந்தால், எழுந்திரு என்று கத்துவதும் அதே குரல்கள்தான். சற்று முன்பு அவளை இழிவாகப் பேசியவையும் அவைதான். ஆகவே ஆடுபவர் குரல்களை வெறுக்கவும் முடியாமல், ஒதுக்கவும் முடியாமல் அவற்றோடு ஒரு உறவுக்குள் மாட்டிக்கொள்கிறார். 'குரல் என்றாலே பகை' என்ற எளிய எண்ணம் சண்டையின் நடுவிலேயே உடைந்துபோகிறது. எந்த விளக்கவுரையும் இதைச் செய்திருக்க முடியாது.

அதே கேமின் புதிர்களிலும் இந்த வேலை நடக்கிறது. பூட்டிய கதவில் பழைய எழுத்துகள் ஒளிரும். அந்த வடிவத்தைச் சுற்றுப்புறத்தில் தேட வேண்டும். சரிந்த இரண்டு மரக்கட்டைகளும் ஒரு நிழலும் சரியான இடத்தில் நின்று பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தி அந்த எழுத்தாகும். மூளை கிடைத்த அரைகுறைத் தகவலிலிருந்து தானே ஒரு உலகை ஊகித்துக் கட்டுகிறது, சைக்கோசிஸ் அந்த ஊகத்தின் இன்னொரு போக்கு என்பது ஃபிளெட்சர் போன்றவர்களின் ஆய்வுப் பார்வை. அதை ஆடுபவர் கண்ணாலேயே செய்கிறார். சில நிமிடங்களில் எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் அடையாளமாகத் தெரியத் தொடங்கும்.

இரண்டாவது உதாரணம் 2013-இல் வந்த 'டிப்ரெஷன் குவெஸ்ட்'. ட்வைன் என்ற இலவசக் கருவியில் செய்த, பெரும்பாலும் எழுத்தாலான கேம். நண்பர் கூப்பிடுகிறார், என்ன செய்வீர்கள் என்று தேர்வுகள் வரும். உற்சாகமாகக் கிளம்பிப் போவது என்ற தேர்வும் அங்கே இருக்கும். ஆனால் அது குறுக்குக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும், அழுத்த முடியாது. என்ன செய்தால் நல்லது என்று தெரியும், செய்ய மட்டும் முடியாது. மனச்சோர்வை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன விதி அரிது. இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது உதாரணம் 2018-இல் வந்த 'செலஸ்டே'. மலையேறும் மேடலின் என்ற பெண்ணுக்குப் பதற்ற நோய். ரோப் காரில் அவளுக்கு மூச்சு முட்டும்போது, ஒரு இறகு மிதப்பதாக நினைத்து, மூச்சை அதோடு ஏற்றி இறக்க வேண்டும். ஆடுபவர் பட்டனால் அதைச் செய்கிறார். கதை முழுதும் அவளைத் தடுக்கும் இருண்ட மறுபாதியை அவள் கடைசியில் அடித்து வீழ்த்துவதில்லை, சமாதானம் ஆகிறாள். உடனே அவளுக்குக் காற்றில் இரண்டு முறை பாயும் திறன் வருகிறது. ஏற்றுக்கொள்வது பலம் தரும் என்பதை விதியே சொல்லிவிடுகிறது.

உங்கள் டீமில் இதைப் பழக்கமாக்க ஒரு எளிய அட்டவணை போதும். இடது பக்கம் ஆலோசகர் சொன்ன அனுபவம், அவருடைய சொற்களிலேயே. நடுவில், ஆடுபவர் கை என்ன செய்யும். வலது பக்கம், அப்போது அவருக்கு என்ன தோன்ற வேண்டும். நடுப்பத்தி காலியாக இருக்கும் வரிகள் எல்லாம் இன்னும் வசனமாகவே இருக்கின்றன என்று பொருள். அவற்றோடு மறுபடி உட்காருங்கள்.

4. ஒலிக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்

பல ஸ்டுடியோக்களில் ஒலி கடைசி மாதத்து வேலை. மனநிலையைச் சொல்லும் கேமில் அப்படி நடந்தால் பாதி கேம் போய்விடும். ஹெல்பிளேடில் குரல்கள் பைனாரல் முறையில் பதிவானவை: மனிதக் காதுகள் கேட்பது போலவே இடம், வலம், பின்பக்கம் என்ற உணர்வோடு பதியும் மைக். ஹெலன் கோலன், அபி கிரீன்லாந்து என்ற இரண்டு நாடக நடிகைகள் அந்த மைக்கைச் சுற்றி நடந்தபடி, நெருங்கியும் விலகியும், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டும் பேசினார்கள். ஸ்பீக்கரில் கேட்டால் சாதாரண முணுமுணுப்பு. ஹெட்போனில் அது தலைக்குள் வந்துவிடுகிறது.

பணம் குறைவா? சாதாரண மைக்கில் பதிவு செய்து, கேம் எஞ்ஜினில் உள்ள ஸ்பேஷியல் ஆடியோ வசதியால் திசை கொடுக்கலாம். மூன்றை மட்டும் மறக்காதீர்கள். குரல்களுக்கு இடையில் அமைதியும் வேண்டும். ஓயாத சத்தம் சில நிமிடங்களில் காதுக்குப் பழகிவிடும். எதிரொலி போட்ட பேய்க்குரல் வேண்டாம். பக்கத்து அறையில் பேசுவது போன்ற இயல்பான குரல்தான் உறையவைக்கும். காது கேளாதவர்களுக்குச் சப்டைட்டிலில் குரலின் திசையையும் காட்டுங்கள்.

5. மூன்று பழைய குழிகளைத் தாண்டுங்கள்

வன்முறை: மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். வில்லனின் கொடூரத்துக்குக் காரணமாக நோயை எழுதுவது சோம்பல் எழுத்து. செனுவா வாள் வீசுபவள்தான், ஆனால் அது அவள் கற்ற கலை. அவள் காதில் கேட்கும் குரல்களைவிடப் பெரிய கொடுமை அவளுக்கு வெளியிலிருந்து வந்தது. மகளின் நிலையைச் சாபம் என்று சொல்லி ஊரிலிருந்து ஒதுக்கி வைத்தவர் அவளுடைய தந்தை. துன்பத்தில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு சுற்றியிருப்பவர்களால் வந்தது என்ற கேள்வியை எழுத்தாளர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்டனை: இதில் ஹெல்பிளேடே விவாதத்துக்கு ஆளானது. செனுவாவின் கையில் கருமையான அழுகல் ஒன்று படர்கிறது. தோற்கும்போதெல்லாம் அது மேலே ஏறும், தலையை எட்டினால் ஆட்டம் முழுதும் அழிந்துவிடும் என்று கேம் எச்சரிக்கிறது. உண்மையில் அப்படி எதுவும் அழிவதில்லை என்று ஆடியவர்கள் பின்னர் கண்டுபிடித்தார்கள். அவளுடைய அச்சத்தை ஆடுபவருக்குள் ஏற்றிய நல்ல உத்தி என்று சிலர் பாராட்டினார்கள். ஆடுபவரிடம் பொய் சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். உங்கள் கேமில் இத்தகைய உத்தி வந்தால், ஆலோசகர்களிடம் தனியாக ஒரு அமர்வு நடத்துங்கள். தோல்வியையும் நோயையும் ஒரே கோட்டில் இணைப்பது பதற்றம் உள்ள ஒருவரைக் கேமைவிட்டே துரத்திவிடக்கூடும்.

அதிசய குணம்: கடைசி லெவலில் காதல் கிடைத்ததும், பூதம் செத்ததும் நோய் மறைவது. வீட்டில் இந்த நோயோடு வாழ்பவர்கள் அதைப் பார்த்தால், தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைப்பார்கள். செனுவாவின் கதை முடியும்போது அவள் இழப்பை ஏற்றுக்கொள்கிறாள், குரல்கள் அவளோடேயே இருக்கின்றன. அவற்றோடு அவள் நடக்கும் விதம்தான் மாறியிருக்கிறது. மருந்து, சிகிச்சை, துணை, நல்ல நாள், கெட்ட நாள் என்று நீளும் வாழ்க்கைக்கு இதுவே நெருக்கமான முடிவு.

6. ஆடுபவரைப் பாதுகாக்கும் ஏற்பாடுகள்

கேம் தொடங்கும் முன் தெளிவான எச்சரிக்கை வைக்க வேண்டும். ஹெல்பிளேட் சைக்கோசிஸ் காட்சிகள் இருப்பதையும், அனுபவித்தவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்க உதவியதையும் முதல் திரையிலேயே சொன்னது. 2021-இல் வந்த 'சைக்கோனாட்ஸ் 2' கேமும் இதேபோல் முன்குறிப்போடு தொடங்குகிறது.

எச்சரிக்கை இரண்டு வரியில் இருக்கட்டும், என்ன வரப்போகிறது என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடட்டும்: தற்கொலை, சித்திரவதை, காதில் குரல்கள் என்று. எந்த இடத்திலும் பாஸ் செய்து வெளியேறி, அதே இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். கடினமான காட்சியைத் தாண்டிப் போக வழி கொடுங்கள். செலஸ்டேயில் உள்ள அசிஸ்ட் மோட், வேகத்தைக் குறைக்கவும் சாவைத் தவிர்க்கவும் உதவுகிறது, அதற்காக யாரையும் குத்திக்காட்டுவதில்லை. தற்கொலை வழிமுறையை ஆடுபவர் கையால் செய்ய வைக்காதீர்கள்.

உதவி எண்ணை மெனுவில் நிரந்தரமாக வையுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

7. டீமைப் பாதுகாக்கும் ஏற்பாடுகள்

ஒரு தற்கொலைக் காட்சியின் அனிமேஷனை மூன்று வாரம் ஃபிரேம் ஃபிரேமாகத் திருத்துபவர் அதை வீட்டுக்கும் கொண்டுபோகிறார். ஏசும் குரல்களை நாள் முழுதும் எடிட் செய்பவரின் நிலையும் அதுதான். டீம் லீட் இதைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். கனமான காட்சிகளை ஒருவரிடமே குவிக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ரிவ்யூ மீட்டிங்கில் அத்தகைய காட்சி வருகிறது என்று முந்தின நாளே சொல்லுங்கள், வராமல் இருக்க அனுமதி கொடுங்கள். டெட்லைன் நெருக்கத்தில் இரவு முழுக்க உட்காரும் பழக்கம் எந்த கேமிலும் தவறு. மனநலத்தைப் பற்றிய கேமில் அது பெரிய முரண்பாடு.

டீமிலேயே ஒருவர் மனநோயோடு வாழ்பவராக இருக்கலாம். அவர் தாமாகச் சொன்னால் கேளுங்கள். "நீயே இதை அனுபவிச்சிருக்கியே, நீயே சொல்லு" என்று எல்லார் முன்னிலையிலும் அவரை ஆலோசகர் ஆக்கிவிடாதீர்கள். அவரை எடுத்தது ப்ரோகிராமராக. ஆலோசனை தருவது அவருடைய விருப்பம், தனி வேலை, தனி ஊதியம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது, நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் அந்தக் கொள்கை இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேட்பது உங்கள் உரிமை.

8. முதலாளியை ஒப்புக்கொள்ள வைப்பது

"இதெல்லாம் யார் வாங்குவார்கள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பதிலைக் கையோடு கொண்டுபோங்கள். ஹெல்பிளேட் சின்ன டீமில் உருவானது. அப்போது பெரிய கேம்கள் 60 டாலருக்கு விற்க, இது 30 டாலருக்கு வந்தது. மூன்று மாதத்தில் 5 லட்சம் பிரதிகள் விற்றுச் செலவை மீட்டது. 2018 ஜூனுக்குள் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. அதே ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவை வாங்குவதாக அறிவித்தது. இரண்டாம் பாகம் 2024 மே 21 அன்று வந்தது.

சிக்கனம் எங்கே நடந்தது என்பதையும் சொல்லுங்கள். செனுவாவாக நடித்த மெலினா யூர்கென்ஸ் அதே நிறுவனத்தின் வீடியோ எடிட்டர். சோதனைப் பதிவுக்குத் தற்காலிகமாக நின்ற அவரே வேடத்துக்குப் பொருந்துகிறார் என்று டீம் கண்டுகொண்டது. பாஃப்டாவின் சிறந்த நடிப்பு விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஆட்களைக் குறைத்து, இடங்களைக் குறைத்து, ஒரே பாத்திரத்தின் முகத்திலும் குரலிலும் பணத்தைக் கொட்டினார்கள்.

நற்பெயரையும் கணக்கில் சேருங்கள். 2017 உலக மனநல நாளில், அதாவது அக்டோபர் 10 அன்று, அந்த நாளின் விற்பனை லாபத்தை நிஞ்ஜா தியரியினர் ரீதிங்க் மென்டல் இல்னஸ் என்ற மனநல அமைப்புக்குக் கொடுத்தார்கள். 2019-இல் ஃபிளெட்சரோடும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து, மனத் துன்பத்தைக் கையாள கேம் நுட்பம் உதவுமா என்று ஆராய 'தி இன்சைட் ப்ராஜெக்ட்' அறிவித்தார்கள். ஒரு கேமுக்காகப் பிறந்த உறவு ஆய்வாக வளர்ந்தது.

9. துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இரண்டு மணி நேர கேமைத் திட்டமிடாதீர்கள். ஐந்து நிமிடம் ஆடக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள். ஒரு அனுபவம், ஒரு விதி, ஒரு அறை. ட்வைனிலோ யூனிட்டியிலோ செய்யலாம். அனுபவித்த இருவருக்காவது காட்டி, அவர்கள் சொன்னதற்கேற்பத் திருத்துங்கள்.

போர்ட்ஃபோலியோவில் கேமை மட்டும் வைக்காமல் அந்தத் திருத்தங்களையும் வையுங்கள். முதல் பில்டு எப்படி இருந்தது, ஆலோசகர் என்ன சொன்னார், என்ன மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம் போதும். அவருடைய அனுமதியோடு, பெயர் இல்லாமல். இன்டர்வியூவில் எதிரில் இருக்கும் லீட் டிசைனருக்கு இது உங்கள் கிராஃபிக்ஸைவிட அதிகம் சொல்லும்: இவர் காது கொடுத்துக் கேட்பார், கேட்டதை டிசைனாக மாற்றுவார், தன் யோசனையை விட்டுக்கொடுக்கத் தயங்க மாட்டார்.

டிசைனர் ஆவது ஒன்றே வழி என்றும் நினைக்க வேண்டாம். ஒலிக் கலைஞர், கதை எழுத்தாளர், ஆலோசகர்களோடு நாட்களை ஒழுங்கு செய்யும் ப்ரொட்யூசர், ஆடுபவரின் முகத்தைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் டெஸ்டர் என்று எல்லாருக்கும் இதில் இடம் உண்டு. உளவியல் படித்தவர்களும் சமூகப் பணி படித்தவர்களும் கேம் ஸ்டுடியோவுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வகைத் திட்டங்களில் அவர்களுடைய படிப்பு நேரடியாகப் பயன்படும்.

வெளியிடும் முன் டீம் முழுதும் உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். இந்த நோயோடு வாழும் ஒருவர் இதை ஆடினால், தன்னை அரக்கனாகப் பார்ப்பாரா, மனிதனாகப் பார்ப்பாரா? அவருடைய அம்மா ஆடினால், பிள்ளையிடம் பேச அவருக்கு ஒரு வார்த்தையாவது புதிதாகக் கிடைக்குமா? ஆலோசகர்கள் சொன்னதில் எதையெல்லாம் நாம் செய்யவில்லை, ஏன்? நோய் இல்லாமல் இதே கேமை ஆட முடியுமா? கடைசிக் கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால் நோய் இன்னும் உங்கள் ஆட்டத்துக்குள் வரவில்லை. தேதியைத் தள்ளிப்போடுங்கள், ஆலோசகர்களுக்கு ஃபோன் செய்யுங்கள், மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தாமதமாக வந்த கேமை மக்கள் மன்னிப்பார்கள். ஏற்கனவே ஒதுக்கப்பட்டவர்களை இன்னும் தள்ளி நிறுத்தும் கேமை மன்னிக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.